மூண்டு எண்டால் மூண்டுதானோ?

போன ஆவணியில் எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் போனேன். கச்சான் காற்று தகரக் கூரையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த பின்னேரம். முப்பது பேர் வந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே இருக்க வந்தவர்கள் என்றுதான் நினைக்கிறேன். கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி 3 பாகை செல்சியஸ் சூடாகும். கீழே ஒரு கோடு இழுத்தேன். சோக்கை வைத்துவிட்டுக் கையைத் தட்டினேன். வகுப்பில் ஒரு நிறுவலை முடித்தவுடன் வருமே ஒரு திருப்தி, அது வந்தது.

கடைசி வரிசையில் சித்தப்பா. திருகோணமலைத் திருக்கடலூரில் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை, மகன்தான் போகிறான். கையை உயர்த்தவில்லை, எழும்பவும் இல்லை, இருந்தபடியே கேட்டார்.

"தம்பி, அந்த மூண்டு எண்டுறது மூண்டுதானோ? முந்தி ஒருக்கா பேப்பரில ஒண்டரையில இருந்து நாலரை மட்டும் எண்டு போட்டிருந்தவங்கள்."

"அது முகில் செய்யிற வேலை, சித்தப்பா. முகிலைத்தான் இன்னும் சரியாக் கணக்குப் போடேலாம இருக்கு."

"நான் நாப்பது வருசம் முகிலைப் பார்த்துத்தானே வள்ளம் இறக்கினனான். உங்களுக்கு மட்டும் அது என்ன செய்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிளேன்ரீயும் வடையும் தந்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து, விடிய எழும்பியும் போகவில்லை. அவர் பகிடிதான் விட்டார். என்னைக் குத்தியது வேறு. ஒன்றரை, நாலரை எல்லாம் எனக்கு முதலே தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று என்று எழுதிக் கோடு இழுத்தேன். இடைவெளியைச் சொன்னால் சனம் நம்பாது, 'இவங்களுக்கே தெரியாது' என்று எழும்பிப் போய்விடும் என்று பயந்தேன். பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தில் வழு எல்லையைப் போடாவிட்டால் புள்ளி வெட்டுகிறவன் நான்.

ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில்

சித்தப்பா பேப்பரில் பார்த்த எண்களுக்கு வயது அதிகம். 1979ஆம் ஆண்டு ஜூல் சார்னி என்ற வளிமண்டல விஞ்ஞானியின் தலைமையில் ஒரு சிறிய குழு அமெரிக்காவில் கூடியது. அப்போது கையில் இருந்தவை முக்கியமாக இரண்டு பேரின் கணினி மாதிரிகள். ஸியுகுரோ மனாபேயின் மாதிரி, காபனீரொட்சைட்டு இரட்டித்தால் ஏறத்தாழ 2 பாகை என்றது. ஜேம்ஸ் ஹான்சனின் மாதிரி 4 என்றது. இரண்டு பக்கமும் அரைப் பாகை இடம் விட்டு 1.5 முதல் 4.5 என்று எழுதி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு எத்தனையோ செய்மதிகள் பறந்து, கணினிகள் பல கோடி மடங்கு பெருத்து, 2013இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை வந்தபோதும் அதே 1.5 முதல் 4.5 தான். 34 வருடம். இதற்கிடையில் நான் பிறந்து, படித்து, கலியாணம் கட்டி, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த இடைவெளி மட்டும், நடுவில் ஒருமுறை கொஞ்சம் அசைந்தாலும், பழைய இடத்துக்கே வந்து நின்றது.

காபனீரொட்சைட்டு தனியாக என்ன செய்யும் என்பதில் சண்டை ஒன்றும் இல்லை. வேறெதுவும் மாறாமல் இருந்தால் இரட்டிப்புக்கு ஒரு பாகையும் கொஞ்சமும்தான். சூடான காற்று கூட நீராவியைத் தாங்கும், அந்த நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும், பனிப்பாறை உருகினால் கீழே கறுப்பு நிலமும் கடலும் தெரியும். இவையெல்லாம் சேர்ந்து அந்த ஒன்றை மேலே தள்ளும். இதுவரை மாதிரிகள் ஓரளவு ஒரே குரலில்தான் பேசுகின்றன. முகிலுக்கு வந்தவுடன்தான் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

ஏன் என்று எங்கள் வீட்டுக் கூரையே காட்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து 5 கிலோவாற்று சோலர் போட்டிருக்கிறோம். ஆவணி மாத மத்தியானத்தில் இன்வேட்டரின் சின்னத் திரையில் 4.2 என்று நிற்கும். பஞ்சுமுட்டை மாதிரி ஒரு முகில் சூரியனை மறைத்தால் 1.1க்கு விழும். பகலில் முகில் என்பது குடை, அவ்வளவுதான். ஆனால் தை மாதத்து இரவை நினைத்துப் பாருங்கள். வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும் இரவில் விடியப்புறம் போர்வையைத் தேடுவோம். முகில் மூடிய இரவில் புழுங்கும். இரவில் அதே முகில்தான் கம்பளி. இனி உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ நிற்கும் தடித்த வெள்ளை முகில், வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன் உச்சியே சூடாக இருப்பதால் பூமியின் வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. மிக உயரத்தில் கீறல் கீறலாகக் கிடக்கும் மெல்லிய முகில், வெயிலை உள்ளே விட்டுவிடும். உச்சி கடுங்குளிராக இருப்பதால் கீழிருந்து வரும் வெப்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே கொஞ்சம்தான் விடும். ஒன்று குளிர்விக்கும், மற்றது சூடாக்கும். இரண்டுக்கும் பெயர் முகில்தான்.

இதைக் கூட்டிக் கழித்து முதலில் அளந்து காட்டியவர்களில் முன்னே நிற்பவர் வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நம்மவர். செய்மதி அளவீடுகளை வைத்து 1989இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கின்படி, முகில்கள் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 44.5 வாற்று வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, 31.3 வாற்று வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மிச்சம் 13.2 வாற்றுக் குளிர்ச்சி. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் வருவதோ 4 வாற்று அளவுதான். அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இரண்டு பெரிய தொகைகளைக் கழித்து வந்த சின்ன மிச்சம் அது. கடைக் கணக்கு எழுதினவர்களுக்குத் தெரியும், அப்படி வரும் மிச்சத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும். வரவிலோ செலவிலோ ஒரு சின்ன வித்தியாசம் வந்தால் மிச்சம் தலைகீழாகும்.

'முகில் குளிர்ச்சிதானே, சூடு கூடினால் ஆவி கூடும், முகிலும் கூடும், எல்லாம் சரியாகிவிடும்' என்று வகுப்பில் ஒரு பிள்ளை ஒவ்வொரு வருடமும் சொல்லும். கெட்டிக்காரப் பிள்ளைதான் சொல்லும். எந்த முகில், எந்த உயரத்தில், தண்ணீரா பனியா, பெரிய துளியா சின்னத் துளியா என்று திருப்பிக் கேட்டால் அடங்கிவிடும். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய நான் சனசமூக நிலையத்தில் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

அனுராதபுரம் வரைக்கும் ஒரே பெட்டி

காலநிலை மாதிரி என்பது பூமியைப் பெட்டி பெட்டியாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதன் என்று சமன்பாடு போடுவது. பொதுவாக ஒரு பெட்டியின் பக்கம் 100 கிலோமீற்றர் அளவு இருக்கும். நேர்கோட்டில் பார்த்தால் திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் வரைக்கும். கொட்டியாரக் குடா, தம்பலகாமத்து வயல், கந்தளாய்க் குளம், ஹபரணைக் காடு எல்லாம் ஒரே பெட்டிக்குள். கடற்காற்று ஏறி நிலாவெளிக்கு உள்ளே வரிசையாக எழுப்பும் குட்டி முகில்கள் ஒரு கிலோமீற்றர்கூட இருக்காது. அந்தப் பெட்டிக்கு அவை தெரியாது. ஆகவே, பெட்டியின் ஈரப்பதன் இவ்வளவு என்றால் பத்தில் நாலு பங்கு முகில் என்று வை, அதில் இவ்வளவு தண்ணீர், துளி இவ்வளவு பருமன் என்று எழுதுகிறவர்களே ஒரு விதியைக் கொடுத்துவிடுகிறார்கள். சமையல் குறிப்பு மாதிரித்தான். அம்மம்மாவின் குறிப்பில் 'உப்பு அளவாக' என்று இருக்குமே, அந்த 'அளவாக' என்ற இடம்தான் முகில்.

அந்த அளவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 1989இல் பிரித்தானிய வானிலை அலுவலகத்தைச் சேர்ந்த மூன்று பேர் செய்து பார்த்தார்கள். மாதிரியை அப்படியே வைத்துக்கொண்டு முகில் விதியை மட்டும் மாற்றினார்கள். ஈரப்பதனை மட்டும் பார்த்து முகில் போடும் பழைய விதியில் சூடேற்றம் 5.2 பாகை. முகிலிலுள்ள தண்ணீரையும் பனியையும் தனியாகக் கணக்கெடுக்கச் சொன்னபோது 2.7. தண்ணீர் கூடக் கூட முகில் கூட வெள்ளையாகும் என்பதையும் சேர்த்தபோது 1.9. கடலைத் தொடவில்லை, நிலத்தைத் தொடவில்லை. 5.2 எங்கே, 1.9 எங்கே! சார்னியின் இடைவெளியின் அகலத்தையே ஒரே மாதிரி, ஒரே அறையில், முகிலை மட்டும் மாற்றித் தாண்டிவிட்டது.

இதை வாசித்த இரவு எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. முதலாவது, சித்தப்பா கேட்டது சரிதான், இவர்கள் முகிலைப் பார்க்கவே இல்லை, விதி எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. எவ்வளவு மாற்றியும் அது பூச்சியத்துக்குப் போகவில்லை.

உறையாத தண்ணீர்

பனிக்கும் தண்ணீருக்கும் என்ன அவ்வளவு வித்தியாசம் என்பது எனக்கு வெகுநாளாக விளங்கவில்லை. பூச்சியப் பாகைக்குக் கீழே போனால் தண்ணீர் உறையும் என்றுதான் நாமெல்லாம் படித்தோம், நானும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். முகில் துளி அப்படி இல்லை. உறைவதற்கு ஒரு தூசியோ பனிப்பொட்டோ அகப்படாவிட்டால் கழித்தல் 38 பாகை வரைக்கும் தண்ணீராகவே தொங்கும். நம்பாமல் வீட்டிலேயே செய்து பார்த்தேன். மூடி உடைக்காத போத்தல் தண்ணீர் நாலைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் கிடத்தினேன். மீனை எங்கே வைக்கிறது என்று வீட்டில் சத்தம் வந்தது. முதல் நாள் நாலும் கல்லாகிவிட்டன. இரண்டாம் நாள் முந்தி எடுத்துவிட்டேன், வெறும் குளிர்தண்ணி. மூன்றாம் நாள் இரண்டரை மணித்தியாலத்தில் மெதுவாக ஒன்றை எடுத்தேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். மகளைக் கூப்பிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். கழுத்திலிருந்து வெள்ளை நூல்கள் கீழே ஓடின. இரண்டு மூன்று விநாடியில் போத்தல் முழுவதும் பால் நிறமாகிக் குழைந்தது. அவள் அடுத்த போத்தலுக்குக் கை நீட்டினாள். நான் முதல் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போத்தலுக்குள் பனிதான் வெள்ளை. வானத்தில் இது மாறி நடக்கும், அதில்தான் முதலில் தடுக்கி விழுந்தேன். முகிலில் பனி உண்டானால் அது சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை இழுத்துப் பெருத்து, பாரமாகி விழுந்துவிடும். மிஞ்சுவது ஐதான முகில். அதே ஈரம் தண்ணீராக நின்றால் கோடிக்கணக்கான சின்னத் துளிகள், நெருக்கமான வெள்ளை, நல்ல குடை. ஆக, பூமி சூடாகும்போது குளிர்ப் பிரதேசத்து முகிலின் பனி தண்ணீராக மாறினால் முகில் வெளுக்கும், சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். பழைய மாதிரிகள் தெற்குச் சமுத்திரத்து முகில்களில் அளவுக்கு மிஞ்சிப் பனியைப் போட்டு வைத்திருந்தன. மாற்றுவதற்குப் பனி நிறைய இருந்தது, தடுப்பும் நிறையக் கிடைத்தது. 2006இல் ஏவிய கலிப்சோ செய்மதி லேசர்க் கதிரால் பார்த்துச் சொன்னது: அங்கே பனி அவ்வளவு இல்லை, ஏற்கெனவே தண்ணீர்தான். அப்படியென்றால் மாறுவதற்கு மிச்சமில்லை, தடுப்பும் இல்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு மாதிரியில் இந்தத் தண்ணீர் அளவைச் செய்மதிக்கு ஏற்பத் திருத்தியபோது உணர்திறன், அதாவது காபனீரொட்சைட்டு இரட்டித்தால் வரும் சூடேற்றம், 4இலிருந்து 5க்கு மேல் ஏறியதைக் காட்டியது.

திருத்தினால் நல்லதுதானே? அடுத்த தலைமுறை மாதிரிகளில் பல முகிலைத் திருத்திக்கொண்டு வந்தன. 1.8இலிருந்து 5.6 வரை பரந்து நின்றன. முந்தைய தலைமுறை 2.1 முதல் 4.7க்குள் இருந்தது. இவ்வளவு வருடம் உழைத்து இடைவெளி கூடியிருக்கிறது! அதில் அமெரிக்காவின் சி.ஈ.எஸ்.எம். 2 என்ற மாதிரி 5ஐத் தாண்டியது. இன்றைய முகில்களை அது முன்பைவிட நன்றாகவே வரைந்தது. ஆனால் அதையே பின்னோக்கி ஓட்டி, இருபதாயிரம் வருடத்துக்கு முந்திய பனிக்காலத்தைக் காட்டச் சொன்னார்கள். பூமி 11 பாகைக்கும் மேல் குளிர்ந்தது என்றது. கடலடிச் சேறும் பனிப்பாறைத் துளைமாதிரிகளும் சொல்வது 6 பாகை அளவு. எங்கோ பிழை. தேடிப்போனவர்கள் கண்ட இடங்களில் ஒன்று, முகிலில் பனித் துணிக்கைகள் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று நிரலில் போட்டிருந்த ஒரு பொருந்தாத எல்லை. அதை எடுத்து, கணக்கிடும் நேர இடைவெளியையும் சுருக்கியபோது உணர்திறன் நன்றாக இறங்கியது.

எனக்கு எல்லாம் திரும்பியது இந்த இடத்தில்தான். பழைய மாதிரியில் ஒரு பிழை இன்னொரு பிழையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தவுடன் மற்றது வெளியே வந்துவிட்டது. நான் அதுவரை அந்த இடைவெளியை ஒரு வெட்கக்கேடாகவே நினைத்து வந்தேன். ஆனால் பிழை பிடிபட்ட விதத்தைப் பாருங்கள்: சேற்றில், பனியில், செய்மதியில், யாரோ ஒருவர் நிரலை வரி வரியாக வாசித்ததில். என் கரும்பலகை மூன்றில் இப்படிப் பிழை பிடிக்க ஒரு வழியும் இல்லை. அது அப்படியே வானத்திலிருந்து விழுந்தது போல் நின்றது.

2021 ஐ.பி.சி.சி. அறிக்கை அதனால்தான் மாதிரிகளின் சராசரியை எடுத்து அப்படியே எழுதவில்லை. பழைய காலநிலை, அளவீடுகள், முகிலின் பௌதிகம் எல்லாவற்றையும் சேர்த்து 2.5 முதல் 4, நடுவில் 3 என்றது. மாதிரிகள் பரந்தபோது மதிப்பீடு சுருங்கியிருக்கிறது. முகில்கள் மொத்தத்தில் சூட்டைக் கூட்டும் பக்கம்தான் நிற்கின்றன என்பதில் அந்த அறிக்கைக்கு உறுதி அதிகம். உயர முகில் இன்னும் உயரத்துக்குப் போகும், உச்சியின் குளிர் பெரிதாக மாறாது, பூமி சூடானாலும் அங்கிருந்து வெளியேறும் வெப்பம் கூடாது. பெரு, கலிபோர்னியா, நமீபியாக் கரைக்கு வெளியே குளிர்ந்த கடலின் மேல் விரித்த பாய் மாதிரிக் கிடக்கும் தாழ் முகில் கொஞ்சம் கிழியும். எங்கள் பக்கத்துக் கடலில் காண்பது போன்ற குட்டிக் குவி முகில்களைப் பற்றிப் பயம் குறைந்திருக்கிறது. 2020 தை, மாசியில் பார்படோஸ் தீவை ஒட்டிய கடலில் விமானங்களால் அளந்து பார்த்தவர்கள், சூடான மாதிரிகள் சொன்ன அளவுக்கு அவை கரைந்து போகவில்லை என்று கண்டார்கள். 5க்கு மேல் போன மாதிரிகளின் கை அதோடு கொஞ்சம் தாழ்ந்தது.

தூசியை விட்டுவிட்டேன். அது தனிக் கதை, ஆனால் நாங்கள் சுவாசித்த கதை. ஒரே தண்ணீரைக் கூடுதலான தூசித் துணிக்கைகளுக்குப் பங்கிட்டால் துளி சிறுக்கும், முகில் வெளுக்கும். 1999இல் இந்து சமுத்திரத்தில் நடந்த பெரிய ஆய்வில், தெற்காசியாவிலிருந்து மாரிக் கடைசியில் கடலுக்கு மேல் பரவும் பழுப்பு மூட்டத்தை ராமநாதனும் மற்றவர்களும் அளந்தார்கள். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் கடலில் நின்ற நாட்களில் இலங்கையில் காற்று கெட்டுப் பாடசாலைகளை மூடினார்களே, அது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்த மூட்டத்தை விளக்கத் தேவையில்லை.

மாரி தொடங்க முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்தார். நான் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் எழும்பி இன்வேட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டார். 4.3 என்றேன். முற்றத்தில் இறங்கி முருங்கை மரத்தடியில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"இப்ப கூடும் பார்."

4.7. முகிலின் ஓரம் வெயிலைச் சிதறி மேலதிகமாகக் கூரையில் போடும். எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"இப்ப விழும்."

1.2.

"கொஞ்சம் பொறு. நடுவில ஓட்டை இருக்கு."

2.9. பிறகு 1.0. பிறகு மறுபடி 4க்கு மேல். பத்து நிமிடம் அவர் சொல்ல நான் எண்ணை வாசித்தேன். ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது போனில் இன்வேட்டரின் செயலியைத் திறந்து காட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சராசரி எடுத்துக் கோடு போடுவது அது. அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டு புள்ளிகள், 2.8, 2.6, நடுவில் லேசாகச் சரியும் ஒரு கோடு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நான் சொன்னதெல்லாம் எங்க?"

"இதுக்குள்ளதான் சித்தப்பா."

போனைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடி முற்றத்துக்கு இறங்கினார். மேற்கே, கன்னியாப் பக்கம், அடுத்தது எழும்பிக்கொண்டிருந்தது.